விளக்கப் பக்கம் எல்லோருக்கும் விளங்க வேண்டாமா?

(இறுதியாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கம்ப்யூட்டர் உலகத்தில் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இங்கே சுரைக்காய் தோட்டத்திலேயே காய்த்துக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆனால் அதை எப்படிச் சமைப்பது என்று சொல்லும் ஏடுதான் பல பேருக்கு உதவாமல் கிடக்கிறது.

நான் சொல்வது திறந்த மூல மென்பொருள்களைப் பற்றி. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று வகுப்பில் படிக்கிறோமே, அதேதான். லினக்ஸ், பைதான், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இப்படிப்பட்ட மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு விளக்க இணையதளம் இருக்கும். எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளை என்ன செய்யும், பிழைச் செய்தி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். சீனியர்கள் ‘டாக்குமெண்டேஷன்’ என்று சொல்வது இதைத்தான்.

அந்த விளக்கத் தளத்தை எல்லோரும் படிக்கும்படியும், படித்தவர்கள் அதைக் கொண்டு வேலையை முடிக்கும்படியும் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது ஏதோ வெளிநாட்டுப் பெரிய இன்ஜினீயர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! இதில் பாதி வேலை நம் லேபில் உட்கார்ந்தே செய்யக்கூடியது.

காசில்லாமல் கிடைத்தால் போதுமா?

முதலில் கொஞ்சம் வரலாறு. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எவரும் இயக்கலாம், அதன் மூல நிரலைப் படித்து மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற சுதந்திரங்கள்தான் அந்த இயக்கத்தின் அடிப்படை. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல் வந்தது.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மென்பொருள் மட்டும் சுதந்திரமாக இருந்தால் போதாது, அதன் கையேடும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று ஸ்டால்மன் வற்புறுத்தினார். நல்ல கையேடுகள் இல்லாததே பெரிய குறை என்று அவர் எழுதியிருக்கிறார். கையேடுகளுக்கென்றே தனியாக ஓர் உரிமம் 2000-இல் க்னூ திட்டத்தின் சார்பில் வெளியானது. ஏன் இவ்வளவு அக்கறை? இயக்கும் உரிமை இருக்கிறது, இயக்கத் தெரியவில்லை என்றால் அந்த உரிமை வெறும் காகிதத்தில்தான் இருக்கும்.

2017-இல் கிட்ஹப் நிறுவனம் திறந்த மூலத் திட்டங்களில் இருக்கும் சுமார் 5,500 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் 93 சதவீதம் பேர் விளக்கங்கள் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பதைக் கண்டதாகச் சொன்னார்கள். சரி, அப்படியானால் எல்லோரும் சேர்ந்து திருத்தியிருப்பார்களே என்றால் அதுதான் இல்லை. பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் விளக்கம் எழுதும் பக்கம் அபூர்வமாகத்தான் போகிறார்கள், அல்லது போவதே இல்லை. குறை சொல்ல ஊரே இருக்கிறது, பேனா எடுக்க ஆள் இல்லை!

இதில் அதிகம் அடிபடுவது யார்? வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால் விளக்கம் புரியாவிட்டாலும் சமாளித்துவிடலாம். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் வரை வந்த முதல் ஆள் நான்தான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்பதற்கு யாரும் கிடையாது. அப்போது அந்த விளக்கப் பக்கம்தான் வாத்தியார், அண்ணன் எல்லாம். நம் கல்லூரியில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான் என்பது உங்களுக்கும் தெரியும். இனி, கண் தெரியாத ஒரு மாணவரையும் நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்தப் பக்கமும் கைவிட்டால் வேறு வழி ஏது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம்.

அணுகுவது வேறு, பயன்படுத்துவது வேறு

இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் பிரித்துவிடுவோம். பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வரச் சாய்தளம் இருக்கிறதா என்பது அணுகல் வசதி. உள்ளே வந்தவர் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது பயன்படுத்தும் எளிமை. சாய்தளம் கட்டிவிட்டு போர்டு வைக்காவிட்டாலும் பயனில்லை. போர்டு வைத்துவிட்டுப் படிக்கட்டு மட்டும் கட்டினாலும் பயனில்லை.

இணையத்தைப் பொறுத்தவரை அணுகல் வசதிக்கு உலகப் பொதுவான விதிகள் உள்ளன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கென்றே 1997-இல் ஒரு தனி முயற்சியைத் தொடங்கியது. அதன் முதல் விதித் தொகுப்பு 1999-இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2008-இலும், அதைத் தொடர்ந்து 2.1 பதிப்பு 2018-இலும், 2.2 பதிப்பு 2023-இலும் வெளியாயின. விதிகள் நிறைய இருந்தாலும் அடிப்படை நான்குதான்:

1. பக்கத்தில் உள்ளதைக் கண்ணாலோ காதாலோ உணர முடிய வேண்டும்.
2. மவுஸ் இல்லாமலும் இயக்க முடிய வேண்டும்.
3. படித்தால் புரிய வேண்டும்.
4. பலவகை உலாவிகளிலும் உதவிக் கருவிகளிலும் உடையாமல் வேலை செய்ய வேண்டும்.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்பதைக் குறிப்பிட்டே சொல்கிறது. ஆகவே இது தர்ம காரியம் இல்லை, உரிமை.

பைதான் தளம் வளர்ந்த விதம்

சும்மா தத்துவம் பேசாமல் நமக்குத் தெரிந்த ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பைதான் மொழியை கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்டார். அதன் விளக்கங்கள் பல ஆண்டுகள் ‘லேடெக்’ என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டு வந்தன. அழகாக அச்சாகும், ஆனால் அந்த முறை தெரியாதவர் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்குக்கூடத் தயங்குவார். கியோர்க் பிராண்டல் என்பவர் ‘ஸ்பிங்க்ஸ்’ என்ற கருவியை உருவாக்கி 2008-இல் வெளியிட்டார். சாதாரண எழுத்துக்கோப்பில் சில எளிய குறிகளுடன் எழுதினால் போதும், ஸ்பிங்க்ஸ் அதை இணையப் பக்கங்களாக மாற்றித் தந்துவிடும். அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைதான் 2.6 முதல் விளக்கங்கள் இந்த முறைக்கு மாறின. பின்னர் 2016-இல் லினக்ஸ் கருவகத்தின் விளக்கங்களும் ஸ்பிங்க்ஸுக்கு வந்தன. எழுதும் முறை எளிதானால் திருத்தும் கைகளும் கூடும். இது முதல் பாடம்.

2017-இல் மொழிபெயர்ப்புகளுக்கு ஒழுங்கான ஏற்பாடு வந்தது. இப்போது ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு, ஸ்பானியம், சீனம் முதலிய மொழிகளை அந்தத் தளத்திலேயே தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். எந்த மொழியானாலும் அந்தப் பட்டியலில் இடம்பெற ஓர் அளவுகோல் வைத்தார்கள். தொடக்கப் பாடம், உள்ளமைந்த செயல்கூறுகள் பற்றிய பக்கம், பிழைகளைத் தெரிவிப்பது எப்படி என்ற பக்கம் ஆகிய மூன்றும் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவதைக் கவனித்தீர்களா? படிப்பதற்கு மட்டுமல்லாமல் குறை சொல்வதற்கும் அந்தந்த மொழியில் வழி வேண்டும் என்பது எவ்வளவு நல்ல யோசனை!

இன்னொரு வசதி நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்ப உதவும். முழு விளக்கத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே படிக்கலாம். டேட்டா தீர்ந்துபோன மாதக் கடைசியில் இதன் அருமை தெரியும்.

காதால் படிப்பவர்கள்

கண் தெரியாதவர் இணையப் பக்கத்தை எப்படிப் படிக்கிறார்? ‘ஸ்கிரீன் ரீடர்’ என்னும் திரைவாசிப்பான் மென்பொருள் திரையில் உள்ள எழுத்துகளைப் பேசிக் காட்டுகிறது. இவற்றில் புகழ்பெற்ற ஒன்று என்விடிஏ. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் இதைத் தொடங்கினார். அவரே பார்வையற்றவர். அவரோடு சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர்தான். விண்டோஸில் இயங்கும் இந்த மென்பொருள் இலவசம், திறந்த மூலம், கூடவே வரும் குரல் தமிழையும் படிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், இது பெரும்பாலும் பைதான் மொழியில் எழுதப்பட்டது. ஒரு நிரல் மொழி பார்வையற்றவர் கைக்கும் எட்டும்போது எவ்வளவு பெரிய பலன் உலகத்துக்குத் திரும்பி வருகிறது பாருங்களேன்!

இப்படிக் காதால் படிப்பவரை மனதில் வைத்தால் பக்கத்தில் என்னென்ன மாற வேண்டும்?

தலைப்புகள்: நாம் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண்ணை மேலும் கீழும் ஓட்டித் தேவையான இடத்தைப் பிடித்துவிடுகிறோம். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ‘ஹெச்’ விசையை அழுத்தி அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறார். 2024-இல் வெப்எய்ம் அமைப்பு வெளியிட்ட கணக்கெடுப்பில், நீளமான பக்கத்தில் தேடும்போது தலைப்பு வழியாகவே போவதாக 100-க்கு 70 பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? எழுத்தைத் தடிமனாக்கிவிட்டு அதுதான் தலைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தலைப்பு, திரைவாசிப்பானுக்கு அது சாதாரண வரி. ஸ்பிங்க்ஸில் வரிக்கு அடியில் கோடு போட்டால் உண்மையான தலைப்பு ஆகிவிடும். முதல் நிலைத் தலைப்புக்கு அடுத்து இரண்டாம் நிலை என்று வரிசை தப்பாமல் இருக்க வேண்டும்.

நிரல்கள்: நிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போடுவது பெரிய தவறு. பைதானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கே அர்த்தம் உண்டு. அந்த இடைவெளியை என்விடிஏ பேச்சாகவோ ஒலியாகவோ சொல்லும் வசதி இருக்கிறது. ஆனால் நிரல் எழுத்தாக இருந்தால்தானே சொல்லும்? படமாக இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. கண் உள்ளவர்களுக்கும் நஷ்டம்தான். படத்திலிருந்து காப்பி செய்ய முடியாது, தேடவும் முடியாது.

படங்கள்: விளக்கப் படங்களுக்கு மாற்று உரை கொடுக்க வேண்டும். ‘படம் 1’ என்று எழுதினால் அது மாற்று உரை ஆகாது. படம் என்ன சொல்ல வந்ததோ அதைச் சொல்ல வேண்டும். ‘உலாவியிலிருந்து கோரிக்கை சர்வருக்குப் போகிறது, சர்வர் தரவுத்தளத்தைக் கேட்டுப் பதிலை அனுப்புகிறது’ என்று இரண்டு வரி எழுதினால் படம் தெரியாதவருக்கும் பாடம் தெரிந்துவிடும். வெறும் அலங்காரப் படமானால் மாற்று உரையைக் காலியாக விட்டுவிடலாம். திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போகும்.

இணைப்புகள்: பார்வையற்றவர் பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்க முடியும். ‘இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்’ என்று இருபது தடவை கேட்டால் எதைச் சொடுக்குவது? ‘விண்டோஸில் நிறுவும் முறை’ என்று இணைப்பே தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஸ்பிங்க்ஸ் ஒவ்வொரு தலைப்பின் வாலிலும் ஒரு பத்திக் குறியை இணைப்பாக ஒட்டுகிறது. அந்த இடத்தின் முகவரியை எடுக்க அது உதவும். ஆனால் காதால் கேட்பவருக்குத் தலைப்புதோறும் அந்தக் குறியும் சேர்ந்து ஒலிக்கலாம். நல்ல வசதி ஒன்றே இன்னொருவருக்குத் தொந்தரவாவது இப்படித்தான்.

மொழிக் குறி: பக்கம் எந்த மொழி என்பதை அதன் நிரலிலேயே சொல்ல வேண்டும். தமிழுக்கு ‘டி, ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் குறி. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலக் குறி போட்டுவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்கப் பார்க்கும். கேட்கச் சகிக்காது. ஸ்பிங்க்ஸில் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் இது சரியாகிவிடும்.

கீபோர்டும் நிறமும்

கை நடுக்கம் உள்ளவர், கையை அசைக்க முடியாதவர் பலருக்கு மவுஸ் ஒத்து வராது. அவர்கள் ‘டேப்’ விசையால்தான் நகர்வார்கள். இப்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கட்டம் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். அழகைக் கெடுக்கிறது என்று அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுகிற வடிவமைப்பாளர்கள் உண்டு. அது டார்ச் லைட்டைப் பிடுங்கிக்கொண்டு இருட்டில் நடக்கச் சொல்வது போல. பக்கத்தின் தொடக்கத்தில் நாற்பது இணைப்புள்ள மெனு இருந்தால், அதைத் தாண்டி நேரே பாடத்துக்குப் போக ஒரு தாவல் இணைப்பு வைக்க வேண்டும்.

அடுத்தது நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற சாம்பல் நிறம் 4.48-தான், மயிரிழையில் ஃபெயில்! 767676 என்று ஒரு படி கருப்பாக்கினால் 4.54 ஆகிப் பாஸாகிவிடும். 999999 வெறும் 2.85. இவ்வளவு சின்ன விஷயம்தான். ஆனாலும் 2024-இல் வெப்எய்ம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 81 சதவீதப் பக்கங்களில் இந்தக் குறை இருந்தது. வெயிலில் நின்று செல்போனில் படிப்பவருக்கும் வெளிறிய எழுத்து தொல்லைதான்.

சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே சிவப்புக் கட்டம் போட்டால் போதும் என்று நினைக்காமல் ‘எச்சரிக்கை’ என்ற சொல்லையும் எழுத வேண்டும். 

படித்தால் புரிய வேண்டும்

இதுவரை சொன்னது உள்ளே வரும் வழி. வந்த பிறகு புரிகிறதா? பைதானில் நாம் முதலில் கற்பது ‘பிரிண்ட்’. அதைத் தேடிச் செயல்கூறுகள் பக்கத்துக்குப் போனால் எடுத்தவுடன் ஒரு நட்சத்திரக் குறி, ஐந்து உள்ளீடுகள், சமக்குறிகள், மேற்கோள் குறிகள். என்னடா இது, ஒரு வணக்கம் அச்சடிக்க இவ்வளவா என்று புதியவர் மிரண்டுவிடுவார். அந்தப் பக்கத்தில் தப்பு ஒன்றும் இல்லை. அது அகராதி மாதிரி. தெரிந்தவர் சரிபார்க்க எழுதியது. புதியவருக்கு வேண்டியது தொடக்கப் பாடம். தவறான கதவில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டானியேலே ப்ரோசிடா என்பவர் விளக்கங்களை நான்கு வகையாகப் பிரித்தார். கையைப் பிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்கும் செய்முறை, தகவல் மட்டும் தரும் அகராதி, ஏன் எதற்கு என்று சொல்லும் விளக்கவுரை. ‘டயாடாக்சிஸ்’ என்று இதற்குப் பெயர். பைதான் குழுவும் விளக்கம் எழுதுவோருக்கு இதையே வழிகாட்டியாகச் சொல்கிறது. நம் ரெக்கார்டு நோட்டோடு ஒப்பிட்டால் சட்டென்று பிடிபடும். செய்முறைக்கு நடுவே தியரியைக் கொட்டினால் எக்ஸ்பெரிமெண்ட் நின்றுவிடும். தியரிப் புத்தகத்தில் செய்முறையைத் தேடினால் கிடைக்காது. அகராதிப் பக்கத்தின் தலைமாட்டில் ‘நீங்கள் புதியவரானால் இந்தப் பாடத்தைப் பாருங்கள்’ என்று ஒரு வரி போட்டாலே எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

பதிப்பு எண்ணும் முக்கியம். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் ‘பிரிண்ட்’ எழுத அடைப்புக்குறி தேவையில்லை. பைதான் 3-இல் அடைப்புக்குறி இல்லாவிட்டால் பிழை வரும். பழைய பக்கத்தைப் பார்த்து எழுதும் மாணவருக்குத் தப்பு தன்னுடையது என்றே தோன்றும். ‘நமக்கு இது ஏறாது’ என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே எந்தப் பதிப்புக்கான விளக்கம் என்பதை ஒவ்வொரு பக்கத்தின் மேலேயே காட்ட வேண்டும்.

எழுதும் நடையிலும் கவனம் வேண்டும். முன்னே சொன்ன கிட்ஹப் கணக்கெடுப்பில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தம் ஆங்கிலம் மிக நன்றாக இருப்பதாகச் சொல்லவில்லை. ஆகவே வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். சுருக்கப் பெயரை முதல் தடவை விரித்து எழுதட்டும். கட்டளையைக் கொடுத்தால் திரையில் என்ன வரும் என்பதையும் கொடுக்கட்டும். ‘இது ரொம்ப சுலபம்’, ‘சும்மா இதைச் செய்தால் போதும்’ போன்ற சொற்களைத் தவிர்க்கும்படி ஜாங்கோ என்ற திறந்த மூலத் திட்டம் தன் எழுத்தாளர்களுக்குச் சொல்கிறது. நியாயம்தானே? சுலபம் என்று எழுதியது வராதபோது மாணவருக்குப் பிழையோடு அவமானமும் சேர்ந்து வருகிறது.

லேபில் செய்து பாருங்கள்

ஏதாவது ஒரு திறந்த மூலத் திட்டத்தின் விளக்கப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஆறு சோதனைகள், ஒரு பிராக்டிகல் வகுப்பு போதும்.

1. மவுஸைக் கழற்றிவிடுங்கள். டேப், என்டர், அம்புக்குறி விசைகளால் மட்டும் ‘நிறுவும் முறை’ பக்கத்துக்குப் போக முடிகிறதா? வழியில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிகிறதா?

2. கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தி 400 சதவீதம் பெரிதாக்குங்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா? ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கிறதா?

3. என்விடிஏ போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு ‘ஹெச்’ விசையால் தலைப்புகளில் நடந்து பாருங்கள். இன்சர்ட் விசையோடு எஃப்7 அழுத்தினால் இணைப்புகள், தலைப்புகளின் பட்டியல் வரும். நிரலைக் கேட்கும்போது இன்சர்ட் விசையோடு பி அழுத்தி நிறுத்தக்குறி அளவைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அடைப்புக்குறிகளைச் சொல்லாமல் போய்விடும்.

4. பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். நிறம் போனதால் ஏதாவது அர்த்தமும் போய்விட்டதா?

5. விலை குறைந்த செல்போனில் திறந்து, நிரல் கட்டமும் அட்டவணையும் எப்படி வருகின்றன என்று கவனியுங்கள்.

6. முதலாண்டு மாணவர் ஒருவரை உட்கார வைத்து ஒரு வேலை கொடுங்கள். பக்கத்தில் இருந்து வாயைத் திறக்காதீர்கள்! அவர் எங்கே நிற்கிறார், எதைத் திரும்பப் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார்.

முதல் ஐந்தும் பக்கத்தின் குறையைக் காட்டும். ஆறாவதுதான் மனிதரைக் காட்டும். முடிந்தால் பார்வையற்ற மாணவர் ஒருவரையே கேளுங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு அரைமணி நேரம் தடுமாறும் நமக்கும், தினமும் அப்படியே வேலை செய்யும் அவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நமக்குத் தொல்லையாகத் தெரிவது அவருக்குப் பழக்கமாக இருக்கும். நாம் கவனிக்காதது அவரை நிறுத்திவிடும்.

திருத்தத்தை அனுப்புவது எப்படி?

குறையைக் கண்டுபிடித்துவிட்டு நோட்டில் வைத்திருந்தால் என்ன பிரயோசனம்? திறந்த மூலத்தின் சிறப்பே இங்குதான். பைதான் திட்டம் 2017 பிப்ரவரியில் கிட்ஹப்புக்கு மாறியது. விளக்கங்களின் மூலக் கோப்புகள் அங்கே தனி அடைவில், யாரும் படிக்கும்படி உள்ளன. அந்தப் பக்கங்களிலேயே மூலத்தைக் காட்டும் இணைப்பும் குறையைத் தெரிவிக்கும் இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். நகல் எடுத்து, திருத்தி, கோரிக்கையாக அனுப்ப வேண்டும். பங்களிப்பவர் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமும் கேட்பார்கள். அது கணினி வழியாகவே முடிந்துவிடும்.

சில நடைமுறைகளைக் கடைப்பிடித்தால் திருத்தம் நிராகரிக்கப்படும் வாய்ப்பு குறையும். ஒரு கோரிக்கையில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். ‘பக்கம் நன்றாக இல்லை’ என்று எழுதாமல், ‘இந்தப் பக்கத்தில் நான்காவது படத்துக்கு மாற்று உரை இல்லை, என்விடிஏவில் கோப்பின் பெயர் மட்டும் கேட்கிறது, இந்த உரையைப் பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதுங்கள். பக்கத்தின் அமைப்பையே மாற்றுவதானால் முதலில் யோசனையைச் சொல்லி அனுமதி கேளுங்கள். பதில் வர நாளாகலாம். அந்தப் பக்கம் இருப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

‘இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே, கேட்டால் பதில் சொல்கிறதே, விளக்கப் பக்கம் எதற்கு?’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அது சொன்ன பதில் சரியா தப்பா என்று எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்? கடைசியில் விளக்கப் பக்கத்துக்குத்தான் வர வேண்டும். அந்தப் பக்கம் பழையதானால் அதைப் படித்து வளர்ந்த ஏ.ஐ.யும் பழையதைத்தான் சொல்லும்.

முடிவாக

நிரல் எழுதுபவருக்குக் கிடைக்கும் பெயர் விளக்கம் திருத்துபவருக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் யார் இந்தத் துறைக்குள் நுழைய முடியும் என்பதை அந்த விளக்கப் பக்கம்தான் தீர்மானிக்கிறது. ஒரு மாற்று உரை, ஒரு உண்மையான தலைப்பு, சாம்பல் நிறத்தில் ஒரு படி கருமை, ‘புதியவரானால் இங்கே போங்கள்’ என்ற ஒரு வரி. இவை ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் எங்கோ ஓர் ஊரில், கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு ராத்திரியை மிச்சப்படுத்தும்.

புதிதாக வந்தவருக்கு எங்கே இடறுகிறது என்பது பழகியவருக்கு மறந்துபோகும். நமக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே இந்த வேலைக்கு நம்மை விடப் பொருத்தமானவர்கள் யார்? இந்த ஆண்டு நம் துறை மாணவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்து, ஆறு சோதனைகளையும் செய்து, ஒரு திருத்தமாவது அனுப்புவோம். வாருங்கள் நண்பர்களே, வரும் திங்கட்கிழமை லேபில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவோம்!